பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆறு காலன்

பெர்னடெட் ஹுடாக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. நாற்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தன் வண்டிக்குத் தன் கையால் பெட்ரோல் போட்டதில்லை. இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. எங்கள் நியூ ஜெர்சியில் யாருமே போட்டதில்லை. பங்கில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஆள் வருவான், போடுவான், மூடியைத் திருகுவான். நாமே இறங்கிக் குழாயைத் தொட்டால் சட்டப்படி தப்பு. டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாக்காரர்கள் பனியில் நடுங்கிக்கொண்டு தாங்களே போட்டுக்கொள்வதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். அவர்களில் பாதிப் பேர் பாலம் தாண்டி எங்களிடம் வந்துதான் டாங்கை நிரப்பிக்கொள்வார்கள். விலையும் இங்கேதான் குறைச்சல். அதனால் எங்கள் ஊரான பிலிப்ஸ்பர்க்கில் பிறந்த யாருக்கும் அக்கரையில் போய்ப் பெட்ரோல் போடும் கதி வந்ததில்லை.

பெர்னடெட்டுக்கு அந்தச் சௌகரியம் இன்னும் ஒரு படி மேல். பங்கே அவள் புருஷனுடையது. பெரிய தெரு முனையில் 'ஹுடாக் சர்வீஸ்' என்று சிவப்பு எழுத்தில் போர்டு தொங்கும். வால்ட்டர் ஹுடாக் என்றால் ஊரில் மரியாதை. கிழவிகளுக்குக் கார் கதவைத் திறந்துவிடுவான். கேட்காமலே டயருக்குக் காற்றுப் பிடிப்பான். வேலைக்கு ஆள் வைத்திருந்தாலும் மனைவியின் ப்யூக் காருக்கு மட்டும் அவனேதான் போடுவான். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, இரண்டாம் எண் பம்ப். இருபத்தொன்பது வருஷமாக அந்த வேளை தப்பியதில்லை. காரின் பின்னால் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவைத்திருந்தான்: 'ஜெர்சிப் பெண் பெட்ரோல் போடமாட்டாள்.' சர்ச்சில் மற்றப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். "உனக்கென்னடி, ராணி மாதிரி வச்சிருக்கான்."

ராணிதான். ஆனால் அந்த ராணி, டாங்கின் முள் பாதியைத் தாண்டி மேலே போய் ஒருநாளும் பார்த்ததில்லை.

வால்ட்டர் பாதி டாங்க்தான் போடுவான். முழு டாங்க் வீண் பாரம் என்பான். "நீ எங்க போகப்போற, பெர்ன்? சர்ச், கடை, பல் டாக்டர். அதுக்கு எதுக்கு வண்டிய எருமையா நிரப்பணும்?" வாரத்துக்கு ஐந்து காலன் போட்டால் முள் கச்சிதமாகப் பாதியில் வந்து நிற்கும். போட்டு முடித்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முள்ளைப் பார்ப்பான். "பாதி," என்பான். அதோடு அந்த வாரம் கணக்காக இருந்தது என்று அர்த்தம். ஒரு வாரம் சர்ச்சுத் தோழியோடு ஆற்றைத் தாண்டி அலன்டவுன் வரைக்கும் திரைச்சீலை வாங்கப் போய்வந்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை ஐந்து காலன் போட்டும் முள் பாதிக்கு வரவில்லை. "வண்டிக்குத் தாகம் ஜாஸ்தியா இருக்கே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவள் சொன்னாள். அவனும் நல்லது என்று தலையாட்டினான். ராத்திரி சூப் குடிக்கும்போது திரைச்சீலை என்ன நிறம் என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை, கடையில் வேறு யாரைப் பார்த்தாய் என்று கேட்டான். புதன்கிழமையும் கேட்டான். அதற்கப்புறம் அவள் அலன்டவுன் போகவில்லை.

அவன் கை நீட்டியவன் இல்லை. குரலை உயர்த்தியவன்கூட இல்லை. அங்கேதான் வம்பு. அடிக்கிறவனைப் பற்றி நாலு பேரிடம் சொல்லி அழலாம். கண்ணாடி துடைத்துவிடுகிறவனைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். செவ்வாய்க்கிழமை தோறும் சர்ச்சின் கீழ்த்தளச் சமையலறையில் பெண்கள் கூடி, வெள்ளிக்கிழமை விற்பதற்காகப் பியரோகி பிடிப்பார்கள். மாவைத் தட்டி, உருளைக்கிழங்கை வைத்து, அரைவட்டமாக மடித்து ஓரத்தை அழுத்துவது பெர்னடெட்டின் வேலை. அந்தச் சமையலறை ஃபோனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பெர்னடெட்டைக் கேட்டு அழைப்பு வந்தது. ஸ்க்ரான்டன் பக்கத்து முதியோர் இல்லத்திலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள். எமில் கோவாலிக் இங்கே இருக்கிறார், நுரையீரல் ரொம்ப மோசம், இன்னும் சில வாரந்தான், அக்காவைப் பார்க்கணும் என்கிறார் என்றாள்.

எமில் அவளுடைய ஒரே தம்பி. வால்ட்டரும் அவனும் சேர்ந்துதான் அந்தப் பங்கைத் தொடங்கினார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எமில், அக்கரையில் செல்ஃப் சர்வீஸ் போடுவோம், ஆள் கூலி மிச்சம் என்றான். "வர்றவங்களை மழையில இறக்கி நிக்கவச்சு, அவங்களையே போட்டுக்கச் சொல்றதா? அது பங்க் இல்லடா, மாட்டுத்தொட்டி," என்றான் வால்ட்டர். வார்த்தை முற்றியது. எமில் தன் பங்குப் பணத்தைப் பிரித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய்த் தனியாகக் கடை போட்டான். வால்ட்டருக்கு அது துரோகம். பெர்னடெட்டிடம் தம்பியைப் பார்க்காதே என்று அவன் சொல்லவில்லை. "போகணும்னா சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன்," என்றான். அவள் கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றான். அந்த அடுத்த வாரம் பத்தொன்பது வருஷமாக வரவில்லை.

இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த வாரம் என்பான். எமிலுக்கு மிச்சமிருந்ததே சில வாரங்கள்தான்.

மாவுக்கையோடு நின்று கணக்குப் போட்டாள். போகவர நூற்றைம்பது மைல். ப்யூக் அதற்கு ஆறு காலன் குடிக்கும். வால்ட்டர் காலையில் ஆறு மணிக்குப் பங்குக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவான். பியரோகி நாளில் அவளை வீட்டில் யாரும் தேடமாட்டார்கள், சர்ச்சில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். நேரம் இருந்தது, சாலை இருந்தது. அந்த ஆறு காலன்தான் தொண்டையில் மாட்டிய முள். குடித்த ஆறு காலனைத் திரும்ப டாங்கில் ஊற்றாமல் சனிக்கிழமை இரண்டாம் எண் பம்ப் முன்னால் போய் நிற்க முடியாது. பிலிப்ஸ்பர்க்கில் எந்தப் பங்கில் போட்டாலும் போடுகிறவனுக்கு வால்ட்டரைத் தெரியும். உன் சம்சாரம் ஏன் என்னிடம் வந்தாள் என்று அன்றைக்கே கேட்டுவிடுவான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய கறி ஒரு டப்பா எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம்.

எமில் மூக்கில் குழாயோடு, பாதி உடம்பாகக் கிடந்தான். வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"வந்துட்டியா பெர்னி? உன் வீட்டுக்காரன் இன்னும் கண்ணாடி துடைக்கிறானா?"

"துடைக்கிறான்."

"துடைச்சுத் துடைச்சு உன்னைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே வச்சுட்டான் பாரு." சிரித்தான், சிரிப்பு இருமலாகி ஐந்து நிமிஷம் நிற்கவில்லை. அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். பத்தொன்பது வருஷத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது அவன், "அடுத்த செவ்வாய் வருவியா?" என்று கேட்டான். வருகிறேன் என்றாள்.

திரும்பும் வழியில், பாலத்தைத் தாண்டுவதற்கு முன்பே, அக்கரை ஊரான ஈஸ்டனில் ஒரு பங்கில் வண்டியை விட்டாள். முள் சிவப்புக்கு வந்திருந்தது. எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் வரவில்லை. சோம்பேறிப் பயல்கள் என்று நினைத்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. லேசாக ஹாரன் அடித்தாள். மணி நாலே கால். ஆறுக்குள் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். இன்னொரு தடவை அடித்தாள். பின்னால் ஒரு பிக்கப் வண்டி அவளைவிட நீளமாக அடித்தது. அதிலிருந்து தாடிக்காரன் ஒருவன் இறங்கி ஜன்னலருகே வந்தான்.

"என்னம்மா, யாருக்காகக் காத்துட்டிருக்கீங்க?"

"பெட்ரோல் போடற ஆளுக்கு."

அவன் பின்னால் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தான். ஸ்டிக்கரையும் படித்தான் போல. திரும்பி வரும்போது முகமெல்லாம் பல்.

"ஜெர்சியா! அம்மா தாயே, இங்க அந்த ஆளே நீங்கதான். இறங்குங்க."

"எனக்குத் தெரியாதே."

"தெரியாதா? உங்க வயசுல எங்கம்மா லாரிக்கே போட்டுச்சு. உள்ள போய்ப் பணத்தைக் கட்டுங்க, மூடியத் திருகுங்க, சொருகுங்க, அமுக்குங்க. பின்னாடி நாலு வண்டி நிக்குது பாருங்க." அவன் போட்டுக்கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

அவள் இறங்கினாள். பின்னால் நின்ற நாலு வண்டியும் பார்த்துக்கொண்டிருந்தன. மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்றே தெரியவில்லை. குழாயை எடுத்தபோது அதன் கனம் அவளைத் திடுக்கிடவைத்தது. இவ்வளவு கனத்தையா அவன் தினமும் தூக்குகிறான் என்று ஒரு கணம் புருஷனை நினைத்துப் பரிதாபப்பட்டாள். அமுக்கினாள். எண்கள் ஓடின. ஆறு வந்ததும் பதறிப்போய், பிடியை விடாமலே குழாயை வெளியே இழுத்துவிட்டாள். பெட்ரோல் ஷூவிலும் கோட்டின் ஓரத்திலும் பீய்ச்சியடித்தது. தாடிக்காரன் கைதட்டினான்.

வீடு வரைக்கும் ஜன்னலைத் திறந்துவைத்து, குளிரில் பல் கிட்டிக்க ஓட்டினாள். பயந்து செத்தாள். ஆனால் வால்ட்டர் வந்தான், கோட்டை மாட்டினான், சாப்பிட்டான், ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருஷம் பெட்ரோலில் ஊறிய மூக்குக்குப் பெட்ரோல் வாசனை எங்கே தெரியப்போகிறது? அந்த வீடே எப்போதும் அந்த வாசனைதான். சனிக்கிழமை ஐந்து காலன் போட்டு, தலையை நீட்டிப் பார்த்து, "பாதி," என்றான்.

அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் போனாள். அதே பங்க், ஆறு காலன், ஒரு சொட்டு கூடக் குறைய இல்லை. மூன்றாவது வாரம் ஷூ நனையவில்லை. நான்காவது வாரம், காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்கக் கற்றுக்கொண்டாள். ஐந்தாவது வாரம், பக்கத்துப் பம்ப்பில் திணறிக்கொண்டிருந்த இன்னொரு ஜெர்சிக்காரிக்கு, "இடப்பக்கம் திருகுங்க," என்றாள். குழாயைப் பிடித்து நிற்கும் அந்த இரண்டு நிமிஷம் அவளுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. உள்ளங்கையில் அந்த உறுமல் ஏறும். எவ்வளவு போவது, எப்போது நிறுத்துவது என்பது அவள் கையில் இருக்கும். சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். பாலத்தின் நடுவில் மாநில எல்லைப் பலகையைத் தாண்டியதும் அந்தச் சந்தோஷம் அடங்கி, பழையபடி முள்ளைப் பார்க்க ஆரம்பிப்பாள்.

எமில் வாரா வாரம் சுருங்கிக்கொண்டே வந்தான். ஆறாவது வாரம் கிண்டலும் நின்றுவிட்டது. "அடுத்த செவ்வாய்?" என்று மட்டும் கேட்டான். அந்த இரண்டு வார்த்தைக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினான்.

அந்த வாரச் சனிக்கிழமைதான் அது நடந்தது.

ஒன்பது மணி. பங்கில் நல்ல கூட்டம். பெர்னடெட் இரண்டாம் எண் பம்ப் பக்கத்தில் நிறுத்தினாள். மனசு முழுக்க எமிலின் மூச்சு. எஞ்சினை அணைத்தாள். கதவைத் திறந்தாள். இறங்கினாள். வண்டியைச் சுற்றி வந்து, மூடியை இடப்பக்கம் திருகிக் கையில் எடுத்து, குழாயைக் கொக்கியிலிருந்து உருவி, டாங்கில் சொருகி, காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பி நின்றாள்.

அப்போதுதான் சுற்றிலும் சத்தமே இல்லை என்பது உறைத்தது.

முதல் பம்ப்பில் போட்டுக்கொண்டிருந்த வேலையாள் கஸ், வாயைத் திறந்தபடி நின்றான். எதிர்க் காரில் இருந்த சர்ச்சுக்காரி ஒருத்தி, காபிக் கோப்பை உதட்டில் இருக்க, குடிக்க மறந்துவிட்டாள். துடைக்கும் துணியோடு ஆபீஸ் வாசலில் வால்ட்டர். இத்தனை வருஷத்தில் அந்தப் பங்கில் ஒரு பெண் குழாயைத் தொட்டதில்லை. அதுவும் வால்ட்டர் ஹுடாக்கின் பெண்டாட்டி, ஏதோ பிறந்ததிலிருந்து இதே வேலை என்பதுபோல. தெரியாமல் தொட்டிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

வால்ட்டர் மெதுவாக நடந்து வந்தான். "குழாயைக் குடு, பெர்ன். சட்டம் இருக்குல்ல? எனக்கு அபராதம் போட்டுடுவான்." எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தான். அவள் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். அவன் குழாயைக் கொக்கியில் மாட்டினான். ஒரு சொட்டுகூடப் போடவில்லை. தலையை நீட்டி முள்ளைப் பார்த்தான். நாலு காலன் இருந்திருக்கும்.

"சர்ச்சுக்கும் கடைக்கும் இது தாராளம்," என்றான். பிறகு முன்கண்ணாடியை நிதானமாக, மூலைவரைக்கும் துடைத்தான். அவள் உள்ளே உட்கார்ந்து, தன் முகத்துக்கு நேராக அந்தத் துணி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. துணி விலகும்வரை அடக்கிக்கொண்டாள்.

ராத்திரி சூப் முடிந்ததும் கேட்டான். "யாரு கத்துக்குடுத்தா?"

"யாரும் இல்ல. நானேதான்."

"எங்க?"

"ஈஸ்டன்ல."

"எமிலா?"

"அவன் சாகப்போறான், வால்ட். ஸ்க்ரான்டன் பக்கம் ஒரு இல்லத்துல இருக்கான். மூச்சுவிட முடியல அவனுக்கு."

வால்ட்டர் ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தைத் துடைத்தான். "எனக்கு வருத்தம் என்னன்னா, நீ ஒளிச்சதுதான். நான் என்னிக்காவது உன்னைத் தடுத்திருக்கேனா? சொல்லு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"சரி, இப்பக் கேக்கறேன். செவ்வாய்க்கிழமை கூட்டிட்டுப் போ."

"இந்த வாரம் பெட்ரோல் லாரி வருது. அடுத்த வாரம் பாப்போம்."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கழுவினாள். அவன் காபி கேட்டான். போட்டுக்கொடுத்தாள். சர்க்கரை அவள்தான் போடுவாள், அவள்தான் கலக்குவாள். இருபத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் வால்ட்டர் ஒரு கரண்டியைத் தானாக எடுத்ததில்லை. அதை அன்றைக்குத்தான் அவள் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச். திங்கட்கிழமை கடை. செவ்வாய்க்கிழமை காலை காரில் சாவியைத் திருகியபோது முள் சிவப்புக்கு மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இதை வைத்துக்கொண்டு ஸ்க்ரான்டன் போக முடியாது. அவன் கணக்கு ஒன்றும் பிசகவில்லை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஆள் வரக் காத்திருந்தாளே, அதே மாதிரி. அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டாள். பாலம் ஒன்றரை மைல். ஒன்றரை மைலுக்கு இது எதேஷ்டம்.

ஈஸ்டனில் இறங்கிப் பணத்தைக் கட்டி, குழாயைச் சொருகி அமுக்கினாள். எண் ஆறைத் தாண்டியது. கை வழக்கம்போலத் தளரப் பார்த்தது. அவள் விடவில்லை. ஒன்பது. பன்னிரண்டு. பதினைந்தைத் தாண்டிய பிறகு பிடி தானாக 'டக்'கென்று விட்டுக்கொண்டது. ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துப் பயந்துபோனாள். டாங்க் நிறைந்தால் அப்படித்தான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வண்டியைக் கிளப்பியபோது முள் மேலே, இன்னும் மேலே, கடைசிக் கோடுவரை ஏறியது.

எமில் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கையை இறுக்கினான். அவள் ஆறு மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்று எழுந்திருக்கவில்லை. எட்டுமணிவரை இருந்தாள். "அடுத்த செவ்வாய் வர்றேன்டா," என்று அவன் கேட்காமலே சொன்னாள். வீட்டில் வால்ட்டர் வெறும் மேஜை முன்னால், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். பெட்ரோல் எப்படியும் தீர்ந்திருக்கும், சனிக்கிழமை தன்னிடம் வந்துதானே ஆகவேண்டும் என்று இருந்தான்.

வந்தாள். சரியாக ஒன்பது மணிக்கு, இரண்டாம் எண் பம்ப். இந்தத் தடவை இறங்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கஸ் வேண்டுமென்றே முதுகைக் காட்டி நின்றான். வால்ட்டர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய மனசுக்காரனாக வந்தான். மன்னித்துவிட்ட முகம்.

"பாதி போடட்டுமா, பெர்ன்?"

"போடு."

சொருகினான். அமுக்கினான். 'டக்'. குழாயை வெளியே எடுத்துப் பார்த்தான். முனையைத் துடைத்தான். திரும்பச் சொருகி அமுக்கினான். 'டக்'. முப்பது வருஷமாக அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்தவன். ஜன்னலருகே வந்து தலையை நீட்டி முள்ளைப் பார்த்தான். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் அவள் பாலம் தாண்டிப் போய்த் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

அவன் என்ன செய்வது என்று தெரியாமல் துணியை எடுத்துக்கொண்டு முன்கண்ணாடிப் பக்கம் போனான். துணியைக் கண்ணாடியில் வைத்தவன் நிறுத்திக்கொண்டான். அதையும் அவள் ஏற்கெனவே துடைத்திருந்தாள்.

பெர்னடெட் சாவியைத் திருகினாள். "செவ்வாய்க்கிழமை நான் வர நேரமாகும், வால்ட். சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கும். நீயே எடுத்துச் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கோ," என்றாள்.